கதவில் மாட்டிக் கிழிந்த படகு

காரின் கூரை மேல் கயாக் படகைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு போகிறவர்களை வெளிநாட்டுப் படங்களிலாவது பார்த்திருப்பீர்கள். அப்படிக் கட்டுவதே ஒரு வித்தை! பட்டையை ரொம்ப இறுக்கினால் படகு நெளிந்துவிடும். தளரவிட்டால், நெடுஞ்சாலைக் காற்று அதைத் தூக்கிப் பின்னால் வருகிறவர் தலையில் போட்டுவிடும். அதனால் நடுவே இரண்டு பட்டை, முன்னும் பின்னும் ஒவ்வொரு கயிறு. துடுப்பு போடுவது சுலபம். தண்ணீர் வரைக்கும் படகைக் கீறலில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு.

1942-ல் ஹாஸ்லர் என்ற பிரிட்டிஷ் மேஜருக்கும் இதே பாடுதான். என்ன, அவர் படகு ஏற்றிய வண்டி கார் இல்லை... நீர்மூழ்கிக் கப்பல்!

பிரான்ஸ் அப்போது ஜெர்மானியர் பிடியில். ஆசியாவிலிருந்து ரப்பர் போன்ற சரக்குகளோடு, பிரிட்டிஷ் கடற்படை கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, ஜெர்மனிக்கான கப்பல்கள் போர்டோ துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தன. விமானத்திலிருந்து குண்டு போட்டால் ஊர் ஜனங்கள் சாவார்கள். துறைமுகமோ கடலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே, ஆற்றங்கரையில். ஹாஸ்லர் ஒரு யோசனை சொன்னார். 6 கயாக், 12 வீரர்கள். ராத்திரி துடுப்பு போடுவது, பகலில் நாணலுக்குள் பதுங்குவது. போய்ச் சேர்ந்ததும் கப்பல்களின் அடிவயிற்றில் காந்தக் குண்டுகளை ஒட்டிவிட்டு நடையைக் கட்டுவது!

சரி, படகை எப்படிக் கொண்டுபோவது? சாதாரண கயாக் நீர்மூழ்கியின் வாசலில் நுழையாது. இதற்கென்றே ஒரு படகு செய்தார்கள். அடிப்பக்கம் பிளைவுட், பக்கங்கள் கான்வாஸ் துணி. நீளம் சுமார் 15 அடி. அமுக்கினால் ஒரு சாண் உயரத்துக்குத் தட்டையாகிவிடும். டார்பிடோவை இறக்கும் வாசல் வழியே உள்ளே தள்ளி, டார்பிடோ அறையில் அடுக்கிவிடலாம்.

இறக்குவது இன்னொரு தலைவலி. நடுக்கடலில் காலிப் படகை மிதக்கவிட்டு, இருட்டில் சாமான் ஏற்றினால் கவிழாதா? ஹாஸ்லர் அதற்கும் வழி வைத்திருந்தார். மேல்தளத்துப் பீரங்கிக் குழாயோடு ஓர் இரும்பு உத்தரத்தைப் பொருத்தி, பீரங்கியையே கிரேன் ஆக்கிவிட்டார். சாமான், ஆட்களோடு படகைப் பட்டைகளில் தூக்கி அப்படியே கடலில் வைக்கலாம். குண்டு வைக்கும் வேலையைவிட எனக்கு இந்த மூளைதான் ஆச்சரியம்!

டிசம்பர் 7, 1942 இரவு. பிரெஞ்சுக் கரைக்கு அப்பால் 'டூனா' நீர்மூழ்கி மேலே வந்தது. ஒவ்வொரு படகாக வாசல் வழியே வெளியே எடுத்தார்கள். 'காஷலாட்' என்ற படகு வரும்போது வாசல் விளிம்பில் மாட்டியது. பர்ரென்று கிழிந்தது பக்கவாட்டு கான்வாஸ்.

இனி அது மிதக்காது. எல்லரி, ஃபிஷர் என்ற அந்தப் படகின் இரண்டு வீரர்களையும் பார்த்து, 'நீங்கள் வர முடியாது' என்று சொல்லிவிட்டார் ஹாஸ்லர். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துவிட்டு வாசலோடு திரும்புவதென்றால்..?

மற்ற ஐந்து படகுகள் கிளம்பின. ஆற்று முகத்துவாரத்தில் அலைகள் சுழன்றடித்தன. ஒரு படகு காணாமல் போனது. இன்னொன்று கவிழ்ந்தது, அதில் வந்த ஷியர்டும் மொஃபாட்டும் குளிர்ந்த கடலில் இறந்தார்கள். மூன்றாவது படகு இருட்டில் பிரிந்தது. கடைசியில் போர்டோவுக்குப் போய்ச் சேர்ந்தவை இரண்டே படகுகள். டிசம்பர் 11 இரவு நான்கு பேரும் குண்டுகளை ஒட்டினார்கள். மறுநாள் காலை ஐந்தாறு கப்பல்கள் சேதம்!

பிடிபடும் கமாண்டோக்களைக் கொல்லும்படி அந்த அக்டோபரில்தான் ஹிட்லர் ரகசிய உத்தரவு போட்டிருந்தார். காணாமல் போன படகின் வாலஸ், யுவர்ட் இருவரும் யூனிஃபார்மில்தான் சிக்கினார்கள். இருந்தும் போர்டோவில் குண்டு வெடிக்கும் முன்பே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிறகு பிடிபட்ட நான்கு பேருக்கும் அதே கதி.

ஹாஸ்லரும் ஸ்பார்க்ஸும் மட்டும் சுமார் 160 கிலோமீட்டர் நடந்து, பிரெஞ்சு எதிர்ப்புப் படையினர் உதவியோடு ஸ்பெயினுக்குத் தப்பினார்கள். 1943 ஏப்ரலில் ஹாஸ்லர் லண்டன் வந்து சேர்ந்தார்.

அன்றைக்குப் படகேற வேண்டியிருந்த 12 பேரில் அந்த இருவரைத் தவிர உயிரோடு மிஞ்சியவர்கள் இரண்டே பேர். கிழிந்த படகோடு டூனாவிலேயே இங்கிலாந்து திரும்பிய எல்லரியும் ஃபிஷரும்.