28 நாளும் 1030 வரியும்

நம்மூர்ல தளத்துக்கு கான்கிரீட் போடும்போது அதே கலவையில கொஞ்சம் எடுத்து 15 செ.மீ. க்யூப் அச்சுல ஊத்தி வைப்பாங்க. 28 நாள் தண்ணியில ஊறப்போட்டு மெஷின்ல நசுக்கினாத்தான் வலிமை தெரியும். நடுவுல 7ஆம் நாள் ஒண்ணு ரெண்டு நசுக்குவாங்க, ஆனா கணக்குல வர்றது 28தான். அதுக்குள்ள மேல அடுத்த தளம் எழும்பியிருக்கும்! ரிசல்ட் சொதப்பினா இடிக்கிறதா விடறதா? முன்கூட்டியே கணிக்கணும்கிற ஆசை அதனாலதான்.

1918ல சிகாகோ லூயிஸ் இன்ஸ்டிடியூட்டில் டஃப் ஆப்ரம்ஸ் இதை ஒரே சூத்திரத்துல அடக்கினார். சிமெண்டுக்குத் தண்ணி விகிதம் ஏற ஏற வலிமை இறங்கும். அந்த விகிதத்தை 7க்கு அடுக்கா போட்டு, வர்றதால 14000ஐ வகுத்தா, சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு தாங்கும்னு விடை. கலவை இளக்கமா இருக்கட்டும்னு இன்னொரு பக்கெட் தண்ணி ஊத்தினா எஞ்சினியர் கத்துறது சும்மா இல்ல :-)

அப்புறம் கலவையில இரும்பு உலைக் கசடு, ஃப்ளை ஆஷ், சூப்பர் பிளாஸ்டிசைசர் எல்லாம் சேர்ந்துச்சு. ஃப்ளை ஆஷ் மெதுவாத்தான் வேலை செய்யும், 28 நாளுக்கு அப்புறமும் வலிமை ஏறும். ஒத்தை விகிதம் இங்க பத்தாது.

தைவானைச் சேர்ந்த ஐ-செங் யே 1998ல நியூரல் நெட்வொர்க்கோட வந்தார். உள்ளே போறது எட்டு: சிமெண்ட், கசடு, ஃப்ளை ஆஷ், தண்ணி, சூப்பர் பிளாஸ்டிசைசர், ஜல்லி, மணல், எட்டாவதா வயசு. வயசைச் சேர்த்ததுதான் எனக்குப் பிடிச்சது. பழைய ரிக்ரெஷனை விட துல்லியமா வந்துச்சு. 2007ல 1030 வரி டேட்டாவை யுசிஐ தளத்துக்குக் கொடுத்தார். கரண்டியே பிடிக்காத நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துக்கு அது ஹோம்வொர்க் ஆயிடுச்சு.

அங்கதான் வில்லங்கம். ஒரே கலவை 3 நாள், 28 நாள், 90 நாள்னு பல வரியில வரும். கண்ணை மூடிக்கிட்டு கலைச்சுப் பிரிச்சா, பரீட்சைக் கேள்வி பாடத்துலயே இருக்கும். அப்புறம் 95 மார்க்குன்னு பீத்திக்கலாம். டேட்டாவுல உச்ச வலிமை 82.6 எம்பிஏ. 120க்கான கலவையைக் கொடுத்தாலும் கூசாம ஒரு எண்ணைத் துப்பும்.

தண்ணின்னு ஒரு காலம் இருக்கே, அது ஆய்வகத்துல அளந்து ஊத்தினது. சைட்ல யாருக்கும் தெரியாம விழற அந்த இன்னொரு பக்கெட் எந்தக் காலத்திலும் இல்ல. க்யூப்பை இன்னும் நசுக்கிட்டுத்தான் இருக்காங்க.