அடிநாதம் யாருடையது?



1991 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவில் ஒரு ஹிப் ஹாப் இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதன் பெயர் ‘தி லோ எண்ட் தியரி’. உருவாக்கியது நியூயார்க்கைச் சேர்ந்த ‘எ ட்ரைப் கால்டு குவெஸ்ட்’ என்னும் கறுப்பு இளைஞர்களின் குழு. கியூ-டிப்பும் ஃபைஃப் டாக்கும் ராப் பாடினார்கள். அலி ஷஹீத் முஹம்மத் டிஜே. மூவருக்கும் வயது 20, 21.

‘லோ எண்ட்’ என்பது இசையில் பேஸ் ஒலி, அதாவது அடிநாதம். சமூகத்தில் கறுப்பு மனிதன் தள்ளப்பட்டிருக்கும் கீழிடமும் அதுதான். இந்தத் தொகுப்பில் பேஸும் டிரம்மும் முன்னே நிற்கின்றன. மற்ற ஒலிகள் ஒதுங்கி வழிவிடுகின்றன. கீழே இருப்பதே முழுப் பாட்டையும் தாங்குகிறது என்பதைக் காதால் உணர வைத்தார்கள்.

அந்த அடிநாதத்தை ஜாஸ் இசைத்தட்டுகளிலிருந்து எடுத்தார்கள். முதல் பாட்டின் பேஸ், ஆர்ட் பிளேக்கியின் குழு 1973இல் வாசித்தது. அதே பாட்டில், ஹிப் ஹாப்பைக் கேட்டால் பழைய பீபாப் ஜாஸ் நினைவுக்கு வருகிறது என்று அப்பா சொன்னதைக் கியூ-டிப் குறிப்பிடுகிறார். அந்த உறவு கியூ-டிப்பும் ஃபைஃப் டாக்கும் வளர்ந்த தெருக்களிலும் இருந்தது. குவீன்ஸில் அவர்களுடைய செயின்ட் ஆல்பன்ஸ் பகுதியில்தான் கவுண்ட் பேசியும் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் குடியிருந்தார்கள். அங்கே அடிஸ்லீ பார்க்கில், கறுப்பர்களுக்கு விற்கக் கூடாது என்று வீட்டுப் பத்திரங்களிலேயே எழுதி வைத்திருந்தார்கள். ஊர், சேரி என்று பிரிக்கப்பட்ட மண்ணில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல்தான் சொன்னது.

ஒரு பாட்டுக்கு ரான் கார்ட்டரே நேரில் வந்து டபுள் பேஸ் வாசித்தார். அவர் சிறுவயதில் செல்லோ கற்றவர். கறுப்பர் என்பதால் அதில் வாய்ப்பு மறுக்கப்பட, டபுள் பேஸுக்கு மாறினார். 1959இல் ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் பட்டம் பெற்ற பிறகும் செவ்வியல் இசைக்குழுக்களின் கதவு திறக்கவில்லை. பிறகு மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழுவில் ஜாஸின் போக்கையே மாற்றியவர்களில் ஒருவரானார். செவ்வியல் மேடை வேண்டாம் என்றவரை, தெருப் பிள்ளைகள் தம் முன்னோராக அழைத்து வந்தார்கள்.

ஆனால் அதே ஆண்டு டிசம்பரில், பிஸ் மார்க்கி என்னும் ராப் பாடகர் மீதான வழக்கில் நியூயார்க் நீதிபதி ஒருவர், ‘திருடாதே’ என்னும் விவிலியக் கட்டளையோடு தன் தீர்ப்பைத் தொடங்கினார். பழைய பதிவின் துண்டை அனுமதியின்றி எடுப்பது குற்றம் என்றானது. வாசித்தவருக்குக் கூலி சேர வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பதிவுகளின் உரிமை பெரும்பாலும் நிறுவனங்கள் கையில்தான் இருந்தது. அந்த நிறுவனங்கள் கலைஞர்களை ஏய்ப்பதைப் பற்றியும் இத்தொகுப்பில் ஒரு பாட்டு உண்டு. பாட்டனின் வாசிப்பைப் பேரன் எடுத்தால் திருட்டு. பாட்டனிடமிருந்து நிறுவனம் எடுத்ததற்குப் பெயர் ஒப்பந்தம்!

குறையும் உண்டு. பெண்களைப் பற்றிய சில வரிகள் இன்று உறுத்துகின்றன. ஒடுக்கப்பட்டவரின் கலை என்பதற்காக அதை நாம் கேட்காமல் விடக் கூடாது.

2018இல் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றியது. தன் பெயரை அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்னும் சிந்தனையிலிருந்து எடுத்துக்கொண்டது. புதிய இசை பழைய முன்னோரைத் தேடிப் போனது இங்கேயும் நடந்திருக்கிறது.

2022இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ‘தி லோ எண்ட் தியரி’யைத் தேசியப் பதிவேட்டில் சேர்த்தது. அந்த அங்கீகாரம் வர முப்பது ஆண்டுகள் ஆயின. அதுவரை இந்த வரலாற்றைக் காத்தவர்கள், வீட்டில் இசைத்தட்டுகளை வைத்திருந்த அப்பாக்களும் அதைக் காதுகொடுத்துக் கேட்ட பிள்ளைகளும். நம் வீட்டுப் பெரியவர்களின் பறையடியும் ஒப்பாரியும் கானாவும் யாரிடம் பதிவாகியிருக்கின்றன? மாணவ நண்பர்கள் அந்த வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.