ஒரு நேரான துளையின் கதை

தேன்கனிக்கோட்டை பேட்டராய சுவாமி கோயில் தேரோட்டத்துக்குப் போகிறவர்கள் தேரின் அலங்காரத்தைப் பார்ப்பார்கள், வடம் பிடிப்பவர்களைப் பார்ப்பார்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் துளையை யாரும் பார்ப்பதில்லை. எந்தத் தேரானாலும் அச்சு நுழையும் அந்தத் துளை கொஞ்சம் சாய்ந்தால் போதும், சக்கரம் கோணிக்கொள்ளும். அங்கிருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில் இருக்கும் ஓசூர் தொழிற்சாலைகளிலும் இதே கவலைதான். துளை நேராக விழ வேண்டும், கையும் பத்திரமாக இருக்க வேண்டும். இது மிகப் பழைய கவலை!

பல்லில் போட்ட துளை

பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் மெஹர்கர் என்ற இடத்தில் கிடைத்த எலும்புக்கூடுகளில், 9 பேரின் 11 கடைவாய்ப் பற்களில் துளை போடப்பட்டிருந்தது. காலம் சுமார் 7500 முதல் 9000 வருடங்களுக்கு முன். 2006ல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது. மணிகளில் துளை போட்டுப் பழகிய கைகளே இதையும் செய்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

தமிழ்நாட்டிலும் அந்தக் கைகள் இருந்தன. ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் துளையிட்ட மணிகளும், வேலை முடியாத மணிகளும் கிடைத்துள்ளன. நீளமான மணியில் துளை வளையாமல் இருக்க, பழங்கால மணிக்காரர்கள் பாதியை ஒரு பக்கத்திலிருந்தும் மீதியை மறுபக்கத்திலிருந்தும் போட்டார்கள். தடித்த கட்டையில் இரண்டு பக்கமும் குறி வைத்துத் துளைக்கும் ஆசாரியும் இன்று அதையேதான் செய்கிறார்.

வில்லும் கொட்டாங்கச்சியும்

தச்சரின் பழைய கருவி துரப்பணம். தமரூசி என்றும் சொல்வார்கள். வில்லின் கயிற்றை ஒரு மரத்தண்டில் சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் தண்டு சுழலும். தண்டின் தலையைக் கொட்டாங்கச்சி அல்லது மரக்குமிழ் கொண்டு இன்னொரு கை அழுத்திப் பிடிக்கும். எகிப்தில் சுமார் 3400 வருடங்களுக்கு முந்தைய ரெக்மிரே கல்லறை ஓவியத்திலும் தச்சர் ஒருவர் இப்படித்தான் நாற்காலியில் துளை போடுகிறார்.

இதில் ஒரு நல்ல குணம் உண்டு. ஊசி மரத்தில் சிக்கினால் கயிறு வழுக்கிவிடும், கை முறுக்கிக்கொள்ளாது. வேகம் குறைவு என்பதால், துளை சாய்வது கண்ணுக்குத் தெரிந்த உடனே நிமிர்த்தவும் முடியும்.

வேகம் வந்தது, ஆபத்தும் வந்தது

தட்டையான முனை கொண்ட பழைய ஊசிகள் துளைக்குள் அலைந்தன. 1863ல் அமெரிக்காவின் ஸ்டீபன் மோர்ஸ், முறுக்கிய பள்ளங்கள் கொண்ட டிரில் பிட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பள்ளம் வழியாகத் தூள் வெளியே வந்ததால் துளை சுத்தமாக விழுந்தது. 1889ல் மெல்போர்னில் ஆர்தர் ஆர்னாட் மின்சார டிரில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். 1895ல் ஜெர்மனியின் ஃபைன் சகோதரர்கள் அதைக் கையில் எடுத்துப் போகும்படி செய்தார்கள்.

ஆனால் மோட்டாருக்கு வழுக்கத் தெரியாது! பிட் சிக்கினால் பலகை சுழலும், அல்லது மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். அதன்பிறகு வந்த முக்கியமான மாற்றங்கள் பலவும் அந்தப் பழைய வில்லின் குணத்தைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சிதான். 1917ல் பிளாக் அண்ட் டெக்கர் காப்புரிமை பெற்ற துப்பாக்கிப் பிடி டிரில்லில், பிடியை விடாமல் விரலாலேயே மோட்டாரை இயக்கவும் நிறுத்தவும் முடிந்தது. இன்றைய பேட்டரி டிரில்களில் இருக்கும் கிளட்ச், கயிறு வழுக்குவது போலவே வழுக்குகிறது.

நேராகப் போடும் வேலையும் கையிலிருந்து மெல்ல மெல்லக் கருவிக்குப் போனது. பெஞ்ச் டிரில்லில் பிட் மேஜைக்குச் செங்குத்தாகவே இறங்கும். தொழிற்சாலை ஜிக்கில் பதித்த எஃகு புஷ், பிட்டை விலக விடாது. மரவேலைக்கு விற்கும் டவல் ஜிக் அதன் தம்பிதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

நிறைய துளைகள் என்றால் பெஞ்ச் டிரில். பலகை ஓரத்தில் டவல் குச்சிக்கான துளை என்றால் ஜிக். ஒன்றிரண்டு துளைகளுக்குக் கை டிரில்லும் பக்கத்தில் நிறுத்திய மூலைமட்டமும் போதும். நடுமுனை கூராக உள்ள மரவேலை பிட், குறியிலிருந்து நழுவாது. எதுவானாலும் மரத்தைக் கையால் பிடிக்காமல் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். அடியில் ஒரு வேண்டாத கட்டையை வைத்தால் மறுபக்கம் பிய்யாது. சுழலும் பிட் அருகே கையுறையும் தொங்கும் சட்டைக்கையும் கூடாது. கண்ணாடி அணிய வேண்டும். சக் சாவியைக் கழற்றிய பிறகே சுவிட்ச் போட வேண்டும்.

கொட்டாங்கச்சியை அழுத்திய அந்தக் கை, சுழலும் ஊசி முனைக்குப் பக்கத்தில் போகவே இல்லை. இன்றைக்கும் முதல் பாடம் அதுதான்.