கடவுளின் அன்பும் உணர்ச்சிகளும்: கிறிஸ்தவ இறையியலில் ஒரு விவாதத்தின் வரலாறு

கடவுள் அன்பு கொள்கிறார், கோபிக்கிறார், மனம் வருந்துகிறார் என்றெல்லாம் விவிலியம் பேசுகிறது. அந்தச் சொற்களை எந்த அளவுக்கு நேர்ப்பொருளில் கொள்வது என்பது கிறிஸ்தவ இறையியலின் பழைய கேள்விகளில் ஒன்று. கடவுள் எதனாலும் பாதிக்கப்படாதவர், பாடுபட இயலாதவர் என்பதே திருச்சபையின் நெடுங்காலப் போதனை. 20ஆம் நூற்றாண்டில் முன்னணி இறையியலாளர் பலர் அதைக் கைவிட்டனர். விசுவாசிகளின் ஜெபமும் பக்தியும் இந்த விவாதத்தோடு சேர்ந்தே மாறி வந்திருக்கின்றன.

பழைய ஏற்பாட்டிலேயே இரு குரல்கள் உண்டு. ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தில் மனிதனைப் படைத்ததற்காகக் கடவுள் மனம் நோகிறார். ஓசேயா 11இல் துரோகம் செய்த மக்களைக் கைவிட மனமில்லாமல் தமக்குள் தத்தளிக்கிறார். மல்கியாவோ அவர் மாறாதவர் என்கிறது. 1 சாமுவேல் 15இல் இரண்டும் ஒரே அதிகாரத்தில் வருகின்றன: சவுலை அரசனாக்கியதற்காகக் கடவுள் வருந்துகிறார், மனம் மாற அவர் மனிதன் அல்லவே என்று சாமுவேல் சொல்கிறார். தொகுத்தவர்கள் இந்த முரணைத் திருத்தாமல் விட்டது கவனிக்கத்தக்கது. சங்கீதப் புத்தகத்தில் கணிசமானவை புலம்பல்கள். கடவுளிடமே கடவுளைப் பற்றி முறையிடுவதும் விசுவாசத்தின் ஒரு வடிவமாக அங்கே ஏற்கப்பட்டிருக்கிறது.

கிரேக்கச் சிந்தனையாளர் பலருக்கு உணர்ச்சிக்கு ஆட்படுவது குறைபாடு. குறையற்ற தெய்வத்துக்கு அது பொருந்தாது. அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் பிலோன், கடவுள் மனம் நோகும் ஆதியாகமப் பகுதியை இந்தக் கருத்துக்கேற்ப விளக்கினார். கிறிஸ்தவர்களும் அந்த வழியில் சென்றனர். ஆனால் விவிலியத்தின் கடவுளைக் கிரேக்கத் தத்துவம் விழுங்கிவிட்டது என்று பின்னாளில் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு பாதி உண்மைதான். 2ஆம் நூற்றாண்டில் மார்சியோன், கோபிக்கும் பழைய ஏற்பாட்டுக் கடவுள் இயேசுவின் தந்தையாக இருக்க முடியாது என்றபோது, தெர்த்துல்லியன் மறுத்தார்: கடவுளுக்கு உணர்வுகள் உண்டு, அவை தெய்வத்தன்மைக்கு உரிய விதத்தில் இருக்கின்றன. அதே தெர்த்துல்லியன், சிலுவையில் தந்தையே பாடுபட்டார் என்று போதித்தவர்களையும் எதிர்த்தார். ஓரிகன் எசேக்கியேல் பற்றிய மறையுரையில் தந்தையும் அன்பினால் துயருறுவதாகச் சொன்னார். அவருடைய பிற எழுத்துகள் இதற்கு நேரெதிரானவை. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லக்தான்சியு கடவுளின் கோபத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். கோபிக்க இயலாத கடவுளுக்கு அன்பு காட்டவும் இயலாது என்பது அவர் வாதம்.

கிறிஸ்துவின் பாடுகள் கேள்வியை இன்னும் கூர்மையாக்கின. பாடுபட இயலாத இறைவாக்காகிய மகன், தாம் ஏற்ற உடலில் பாடுபட்டார் என்று 5ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் சிரில் வாதிட்டார். 451ஆம் ஆண்டின் கல்கெதோன் சங்கம் கிறிஸ்துவின் தெய்வ, மனித இயல்புகள் இரண்டையும் ஒரே ஆளில் வைத்தது. 553இல் இரண்டாம் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம், சிலுவையில் அறையப்பட்டவர் திரித்துவத்தில் ஒருவரே என்று அறிக்கையிட்டது.

இடைக்கால ஐரோப்பாவில் மாறாமைக் கோட்பாடு மிகக் கறாரான வடிவம் பெற்றது. கடவுளின் இரக்கத்தை நாம் அனுபவிக்கிறோம், அவரிடத்தில் இரக்கம் என்னும் உணர்ச்சி இல்லை என்றார் அன்செல்ம். தாமஸ் அக்குவினாஸ் அன்பைச் சித்தத்தின் செயலாக விளக்கினார்: பிறருக்கு நன்மையை விரும்புவதே அன்பு, அதற்கு உடலின் கிளர்ச்சி தேவையில்லை. குளிர்ச்சியாகத் தோன்றும் இந்த விளக்கத்தில் ஓர் உறுதி இருக்கிறது. ஏறி இறங்கும் மனநிலையைச் சாராத அன்பு, பாவியின் நடத்தையைப் பார்த்துக் குறையவும் செய்யாது. பக்தி உலகம் வேறு மொழி பேசியது. கிளேர்வோவின் பெர்னார்ட் உன்னதப்பாட்டை ஆன்மாவின் காதலாக விரித்தார். 1373இல் காட்சிகள் கண்ட நோரிச்சின் ஜூலியன், கடவுளிடத்தில் கோபத்தையே காணவில்லை என்று எழுதினார்.

சீர்திருத்தவாதிகளில் கால்வின், கடவுள் நம் அளவுக்கு இறங்கி மழலை பேசுகிறார், உணர்ச்சிச் சொற்கள் அத்தகையவை என்றார். ஆங்கிலிக்கன் சபையின் 39 கோட்பாடுகளும் 1640களின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையும் கடவுளுக்கு உணர்ச்சிவேகங்கள் இல்லை என்று எழுதிவைத்தன. லூத்தரின் அக்கறை மனிதனின் பக்கம் இருந்தது: விசுவாசம் தன் உணர்வை நம்பாமல் கடவுளின் வாக்குறுதியைப் பற்றிக்கொள்ள வேண்டும். உணர்வை ஒதுக்கிவிட 18ஆம் நூற்றாண்டு உடன்படவில்லை. ஜோனதன் எட்வர்ட்ஸ் 1746இல், மெய்யான பக்தி பெரும்பாலும் தூய நாட்டங்களிலேயே அமைந்திருக்கிறது என்று வாதிட்டு, போலிப் பரவசத்தைப் பிரித்தறியும் அடையாளங்களையும் வகுத்தார்.

பழைய போதனையைப் பெருமளவு அசைத்தது உலகப் போர்களின் அழிவு. முதல் உலகப் போரில் படைக் குருவாக இருந்த ஸ்டடர்ட் கென்னடி, சிம்மாசனத்தில் அசையாமல் வீற்றிருக்கும் கடவுளை ஏற்க மறுத்தார். திட்ரிக் போன்ஹோஃபர் 1944 ஜூலையில் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், துன்புறும் கடவுளே உதவ முடியும் என்றார். ஜப்பானிய லூத்தரன் கசோ கிதமோரி, எரேமியா 31ஐ அடிப்படையாகக் கொண்டு கடவுளின் வேதனை பற்றிய இறையியலை 1946இல் வெளியிட்டார். கிறிஸ்தவரல்லாத ஆபிரகாம் ஹெஷலின் தீர்க்கதரிசிகள் பற்றிய ஆய்வும் (1962) கிறிஸ்தவர்களிடம் ஆழமாக இறங்கியது. இவற்றில் மிகுந்த தாக்கம் ஏற்படுத்தியது யூர்கன் மோல்ட்மனின் ‘சிலுவையில் அறையப்பட்ட கடவுள்’ (1972). மோல்ட்மன் 1943இல் ஹாம்பர்க் குண்டுவீச்சில் தப்பியவர். போர்க்கைதியாக முகாமில் இருந்தபோது புலம்பல் சங்கீதத்தையும் மாற்கு நற்செய்தியையும் வாசித்து விசுவாசத்துக்கு வந்தவர். சிலுவையில் மகன் சாவை அனுபவிக்கிறார், தந்தை மகனை இழந்த துயரை அனுபவிக்கிறார் என்பது அவர் கொள்கை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வேறு வாசல் வழியே வந்தது. பாளையங்கோட்டையில் பிறந்து, பின்னர் கோயம்புத்தூர் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் நூலை 1927இல் வெளியிட்டார். யோவான் நற்செய்தியின் அன்பைத் தமிழ்ப் பக்தி இலக்கியத்தின் துணையோடு வாசித்த அவர், விசுவாசத்தைக் கடவுளோடு கொள்ளும் அன்புறவாகக் கண்டார். கடவுள் பாடுபடுவாரா என்ற மேற்கத்திய வாதத்தைவிட, பக்தனின் அன்பே அவர் கவனத்தைப் பிடித்தது.

கடவுள் பாடுபடுகிறார் என்ற கருத்துக்கு எதிர்க்குரல்களும் அடங்கவில்லை. தாமும் துயரில் மூழ்கிய ஒருவரால் மூழ்குபவரை எப்படி மீட்க முடியும் என்பது மரபுவாதிகளின் கேள்வி. தாமஸ் வைனன்டி 2000இல் வெளியிட்ட நூலில், கடவுள் உணர்ச்சியற்றவர் என்பதற்காக அல்ல, அன்பு அவரிடம் ஏற்கெனவே முழுமையாக இயங்குவதால்தான் அவர் பாடுபடுவதில்லை என்றார். திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2005ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கடவுளின் அன்பை வேட்கையும் தற்கையளிப்பும் ஒன்றான அன்பாக விளக்கினார். அமெரிக்கச் சீர்திருத்த பாப்டிஸ்டுகள் சிலர் பழைய கோட்பாட்டை ஆதரித்து 2015இல் ஒரு கட்டுரைத் தொகுப்பையே கொண்டுவந்தனர்.