இல்லமும் இறைவணக்கமும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில், அண்ணாமலை கண்ணுக்குப் புலப்படும் தொலைவிலேயே அமைந்திருக்கிறது கீழ்பென்னாத்தூர். அவ்வூரில் வாழும் நண்பர் ஒருவரின் இல்லத்திற்கு, ரபீஉல் அவ்வல் மாதத்து இரவொன்றில், மவ்லிது மஜ்லிஸுக்காகச் சென்றிருந்தேன். கூடத்தில் பாய் விரித்து, ஊதுவத்தி மணம் கமழ, முப்பது பேர் அமர்ந்து சுப்ஹான மவ்லிது ஓதினோம். துஆ முடிந்து தபர்ருக் பகிரப்பட்ட வேளையில் பேச்சு வேறு பக்கம் திரும்பிற்று.

நண்பரின் சகோதரியை மணந்தவர் வெளியூரிலிருந்து வந்திருந்தார். தம் தெருவில் கிறித்தவர் ஒருவர் ஞாயிறுதோறும் தம் வீட்டில் பத்திருபது பேரைக் கூட்டி ஜெபம் நடத்துவதாகவும், அதனைத் தடுக்க வேண்டுமென்று தெருவார் அதிகாரிகளுக்கு மனு எழுதியிருப்பதாகவும் சொன்னார். "நானும் கையெழுத்துப் போட்டேன், மாமா. வீடு வீடாக இருக்க வேண்டாமா? அனுமதியில்லாமல் அதை ஆலயமாக்கலாமா?" என்றார்.

அதுவரை வாய் திறவாதிருந்த நண்பரின் தந்தையார் மெல்ல நிமிர்ந்தார். "மாப்பிள்ளை, இன்று ராத்திரி நாம் இங்கே ஓதினோமே, அதற்கு யாரிடம் அனுமதி வாங்கினோம்?" என்று கேட்டார்.

கூடத்தில் அமைதி நிலவிற்று. விடை கூறுவார் எவருமில்லை. அக்கேள்வியைச் சுமந்துகொண்டே நான் ஊர் திரும்பினேன். வரலாற்றின் ஏடுகளைப் புரட்டியபோது, இக்கேள்வி புதிதன்று என்பதும், நம் முன்னோர் இதனைத் தம் குருதியாலும் கண்ணீராலும் எதிர்கொண்டவர்கள் என்பதும் தெளிவாயின.

மக்காவின் முற்றம்

வீட்டையே வணங்குமிடமாகக் கொள்ளும் வழக்கம் இஸ்லாத்தின் தொடக்கத்திலேயே உண்டு. ஃபிர்அவ்னின் கொடுமைக்கு ஆளாகியிருந்த மூஸா நபி (அலை) அவர்களின் சமூகத்தார் தம் வீடுகளையே தொழுமிடங்களாக்கிக் கொள்ளும்படி பணிக்கப்பட்டதைத் திருமறையின் யூனுஸ் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. ஸஃபா குன்றினருகே இருந்த அர்க்கம் (ரலி) அவர்களின் இல்லமே, மக்காவில் முதல் முஸ்லிம்கள் கூடிய பாசறையாயிற்று. உமர் (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியதும் அவ்வில்லத்தில்தான்.

இதனினும் நம் கேள்விக்கு நெருக்கமானது அபூபக்கர் (ரலி) அவர்களின் வரலாறு. குறைஷியரின் தொல்லை தாங்காது அபிசீனியாவை நோக்கிப் புறப்பட்ட அன்னாரை, காரா கூட்டத் தலைவரான இப்னு தகினா வழியில் கண்டு, தம் அடைக்கலத்தில் மக்காவுக்கு அழைத்து வந்தார். குறைஷியர் அவ்வடைக்கலத்தை ஏற்றனர். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தனர். அபூபக்கர் தம் வீட்டுக்குள் விரும்பியவாறு தொழுது கொள்ளலாம், ஓதிக் கொள்ளலாம். வெளியே தெரியும்படி செய்தலாகாது என்பதே அது. சில காலம் அவ்வாறே ஒழுகிய அன்னார், பின்னர் தம் இல்லத்து முற்றத்தில் ஒரு தொழுமிடம் அமைத்தார். அவர் கண்ணீர் மல்க ஓதுவதைக் கேட்கக் குறைஷியரின் பெண்டிரும் பிள்ளைகளும் திரண்டனர். தலைவர்கள் அஞ்சினர், இப்னு தகினாவை அழைத்து முறையிட்டனர். அவர் வந்து, ஒன்று நிபந்தனைக்கு உட்படுக, அன்றேல் என் அடைக்கலத்தைத் திருப்பித் தருக என்றார். அடைக்கலத்தைத் திருப்பியளித்து, அல்லாஹ்வின் பாதுகாப்பே போதுமென்றார் அபூபக்கர் (ரலி).

இங்கே ஒன்றை நாம் கருதிப் பார்க்க வேண்டும். குறைஷியர் வீட்டுக்குள் ஓதுவதைத் தடுக்கவில்லை. வாசலில் மற்றவர் வந்து நின்று செவிசாய்த்ததே அவர்களை உறுத்திற்று. அவர்களுடைய துன்பம் ஓசையால் விளைந்ததன்று. நம்பிக்கையைப் பற்றிய அச்சத்தால் விளைந்தது. வரலாறு நெடுகிலும் இல்ல வழிபாட்டைத் தடுத்தோரின் உள்ளத்தில் இவ்வச்சமே ஒளிந்திருக்கக் காண்கிறோம்.

சாத்தக் கூடாத கதவு

குறைஷியரேனும் கதவுக்கு உள்ளே நிகழ்வதை விட்டுவைத்தனர். ஸ்பெயின் நாட்டு மன்னர்கள் அதனையும் விடவில்லை. 1492ஆம் ஆண்டு கிரனாடா வீழ்ந்தபோது, முஸ்லிம்களின் சமயத்திற்கும் பள்ளிவாசல்களுக்கும் ஊறு நேராது என உடன்படிக்கை எழுதித் தரப்பட்டது. பத்தாண்டுகள் நிறைவதற்குள் அவ்வுடன்படிக்கை காற்றில் பறந்தது. கட்டாயத்தால் ஞானஸ்நானம் பெற்றவர்கள் மொரிஸ்கோக்கள் எனப்பட்டனர். பள்ளிவாசல் பறிபோயிற்று, வீடொன்றே எஞ்சிற்று.

அவ்வீட்டின் மீதும் கை வைத்தது இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணை. 1567 ஜனவரி முதல் நாள் அது பறைசாற்றப்பட்டது. அரபு மொழி பேசலாகாது, எழுதலாகாது; குளியல் மனைகள் இடிக்கப்படும்; வெள்ளிக்கிழமைகளிலும் பண்டிகை நாட்களிலும் மொரிஸ்கோக்களின் வீட்டுக் கதவுகள் திறந்தே கிடக்க வேண்டும் என அது விதித்தது. ஜும்ஆ நாளில் உள்ளே எவரேனும் தொழுகின்றனரா என்று தெருவில் போவோரும் எட்டிப் பார்க்க வேண்டுமாம்! பிரான்சிஸ்கோ நூனியெஸ் முலே என்னும் மொரிஸ்கோ முதியவர், ஆணையின் ஒவ்வொரு விதியையும் மறுத்து அதிகாரிகளுக்கு நீண்ட விண்ணப்பம் எழுதினார். செவிசாய்ப்பார் இல்லை. 1568இன் இறுதியில் அல்புஹாரா மலைப் பகுதியில் கிளர்ச்சி மூண்டது. 1571இல் அது நசுக்கப்பட்டது. 1609க்கும் 1614க்கும் இடையில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர்.

1884ஆம் ஆண்டு, அரகோன் பகுதியிலுள்ள அல்மொனாசித் என்னும் சிற்றூரில் பழைய வீடொன்று இடிக்கப்பட்டபோது, மறைத்தளத்தின் அடியிலிருந்து கையெழுத்துச் சுவடிகள் வெளிப்பட்டன. அவற்றுட் பல ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதியவை. அரபுத் தமிழில் மார்க்க நூல்கள் யாத்த முன்னோரைப் பெற்ற நமக்கு, அச்சுவடிகள் அந்நியமானவையா? நம் பாட்டிமார் ரிஹாலில் வைத்து உரத்து ஓதியதை, அங்குள்ள பாட்டிமார் தரைக்கடியில் புதைத்து வைத்து ஓதினர்.

ஐவருக்கு மேற்பட்டால்

இஃது ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தார் மீது இழைத்த கொடுமை மட்டுமன்று. ஒரே வேதத்தை நம்பியவர்களும் தமக்குள் இவ்வாறு செய்திருக்கின்றனர். இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1664இல் இயற்றிய சட்டமொன்று, அரச திருச்சபையின் முறைக்குப் புறம்பான வழிபாட்டுக்காக, வீட்டாரைத் தவிர்த்து ஐவருக்கு மேல் ஒரு வீட்டில் கூடுவதைக் குற்றமாக்கிற்று. 1670இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, கூட்டத்திற்கு இடங்கொடுத்த வீட்டுக்காரருக்கு 20 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. தண்டத் தொகையில் ஒரு பங்கு துப்புக் கொடுத்தவருக்குச் சேரும். அண்டை வீட்டான் ஒற்றனாவதற்கு அரசே கூலி நிர்ணயித்தது என்று சொன்னால் மிகையாகாது.

அச்சட்டத்திற்கும் முன்னரே, 1660 நவம்பரில், பண்ணை வீடொன்றில் கூடியோருக்கு உபதேசிக்கச் சென்ற ஜான் பனியன் கைது செய்யப்பட்டார். இனி உபதேசிப்பதில்லை என்று ஒரு சொல் கொடுத்திருந்தால் விடுதலை பெற்றிருப்பார், அவர் கொடுக்கவில்லை. பன்னிரண்டாண்டுகள் சிறையிலிருந்தார். அவர் எழுதி 1678இல் வெளிவந்த நூலைத் தழுவியே, நெல்லைச் சீமைக் கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தைத் தமிழுக்குத் தந்தார். தடை செய்தோரின் பெயர்கள் மறைந்தன; தடுக்கப்பட்டவரின் சொல் கடல் கடந்து தமிழாயிற்று. 1812இல் இங்கிலாந்து அப்பழைய சட்டங்களை நீக்கி, வீட்டாரைத் தவிர்த்து இருபது பேர் வரை கூடும் வழிபாட்டிற்குப் பதிவு வேண்டியதில்லை என்று விதி செய்தது.

யாழ்ப்பாணத்து இரவுகள்

தமிழ் பேசும் மண்ணிலும் இக்கதை நிகழ்ந்ததுண்டு. 1658இல் டச்சுக்காரர் போர்த்துக்கீசரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு வீட்டில் இடங்கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அவ்வாண்டிலேயே ஆணை பிறந்தது. 1687இல் கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் என்னும் துறவி, ஏழை யாத்திரிகனின் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். தமிழ் கற்றார். சில்லாலையில் தங்கி, இரவு நேரங்களில் வீடு வீடாகச் சென்று வழிபாடு நடத்தினார். 1689ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவில், மக்கள் கூடியிருந்த இல்லத்தின் மீது டச்சுப் படையினர் பாய்ந்தனர். வாஸ் அகப்படவில்லை, கூடியிருந்தோர் பிடிபட்டனர். அவர்களுள் முதன்மையானோர் கசையடியும் சிறையும் பெற்றனர்.

அந்த டச்சு ஆட்சியே, கொழும்பின் கோட்டைப் பகுதியிலும் பேட்டையிலும் முஸ்லிம்கள் வீடு நிலம் வாங்கவொட்டாது தடுத்தது என்பதை நாம் மறத்தலாகாது. ஆங்கிலேயர் காலத்தில் 1832இல்தான் அத்தடை அகன்றது. ஒரு சமயத்தாரின் வீட்டுக் கதவை உடைக்கத் துணிந்த ஆட்சி, மறு சமயத்தாருக்கு வீடே இல்லாமற் செய்யவும் துணிந்தது.

இதற்கு மாறாகக் கண்டியரசர்களின் நெறியைப் பாருங்கள். 1626இல் போர்த்துக்கீசர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, செனரத் மன்னர் அவர்களை ஏற்று மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினார். 1692இல் கண்டி சேர்ந்த ஜோசப் வாஸ், முதலில் ஒற்றரென்று ஐயுற்றுச் சிறை வைக்கப்பட்டாலும், பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரின் ஆதரவில் தம் பணியைத் தொடர்ந்தார். 1711இல் அங்கேயே மறைந்தார். பௌத்த மன்னரின் நிழலில் முஸ்லிமும் கத்தோலிக்கரும் அச்சமின்றி வாழ்ந்தனர்.

நம் நாட்டு நெறி

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைக் கைக்கொள்ளும் உரிமையை அளிக்கிறது. 19ஆம் பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. எனினும், சட்டம் வீதிக்கு இறங்கி வரும்போது உள்ளாட்சி விதி என்னும் உருவில்தான் வருகிறது. 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிக் கட்டட விதிகள், பொது வழிபாட்டுக்கோ சமயக் காரியத்துக்கோ கட்டடம் எழுப்ப மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டுமென்றன. பொது அமைதிக்கு ஊறு நேருமெனக் கருதினால் ஆட்சியர் மறுக்கலாம் என்றும் கூறின. புதிய ஆலயம் கட்டுவதற்கு இத்தகைய விதி இருப்பதில் பொருளுண்டு. ஆனால் கூடத்தில் பாய் விரித்து யாசீன் ஓதும் வீடும், நாற்காலி போட்டு ஜெபிக்கும் வீடும் இவ்விதிக்குள் வந்துவிடுமா? கட்டடத்தைப் பற்றிய விதியை வழிபாட்டைப் பற்றிய விதியாக நீட்டும்போதுதான் இடர் தோன்றுகிறது.

2022 ஆகஸ்டில், உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் மாவட்டத்துச் சிற்றூரொன்றில், வீட்டில் கூடித் தொழுததாக 26 பேர் மீது வழக்குப் பதிவாயிற்று. விசாரித்த காவல்துறையே சில நாட்களில் அவ்வழக்கைக் கைவிட்டது. அச்செய்தியைப் படித்து நாம் எவ்வளவு மனம் நொந்தோம்! அண்டை வீட்டார் எழுதும் மனு எத்துணைக் கூர்மையான ஆயுதம் என்பதை அன்று நாம் உணர்ந்தோமல்லவா?

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அண்டை வீட்டாருக்கு உண்மையான தொல்லை நேருமாயின், அவர் முறையிடுவதில் நியாயமுண்டு. சென்னையில் ஒரு சபையின் ஒலிபெருக்கி ஓசையைப் பற்றி எழுந்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வணங்குமாறு எச்சமயமும் பணிக்கவில்லை என்று 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது நமக்குப் புதிய பாடமா? பள்ளியில் தாம் இஃதிகாஃபிலிருந்தபோது தோழர்கள் உரத்து ஓதக் கேட்டு, ஒருவர் ஓதுதலால் மற்றவருக்கு இடையூறு நேரலாகாது எனத் திருத்தியவர்கள் எம்பெருமானார் (ஸல்) அவர்கள். தெருவை அடைத்து வண்டிகளை நிறுத்துவதும், நள்ளிரவில் ஒலிபெருக்கி அலறவிடுவதும் யார் செய்தாலும் தவறே. அவற்றுக்கு உரிய மருந்து, ஓசையைக் குறைக்கச் சொல்வதும் வழியை விடச் சொல்வதுமாகும். ஓதுவதையே நிறுத்தச் சொல்வதன்று. தொல்லையைத் தடுப்பது ஆட்சியின் கடமை. நம்பிக்கையைத் தடுப்பது குறைஷியரின் வழி.

அந்த மனுவில் ஓசையைப் பற்றியோ வண்டிகளைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லையென்று மாப்பிள்ளையே பின்னர் ஒப்புக்கொண்டார். அப்படியாயின் அதில் இருந்தது என்ன? அபூபக்கர் (ரலி) அவர்களின் முற்றத்தைக் கண்டு எழுந்த அதே அச்சந்தானே? மடங்களும், கிறித்தவ ஆலயங்களும், யூத ஆலயங்களும், பள்ளிவாசல்களும் இடிபடாது காக்கப்படுவதை இறைவனின் ஏற்பாடாக ஹஜ் அத்தியாயம் ஒரே வரிசையில் வைத்துக் கூறுகிறது. அந்த வரிசையைப் பிரிக்க நாம் யார்?

கீழ்பென்னாத்தூரைக் கடந்து கிழக்கே சென்றால் செஞ்சிக் கோட்டை வரும். 1714இல் போரில் வீழ்ந்த தேசிங்குராஜனுக்காக, மணக்கோலத்தையும் துறந்து வந்து உயிர் நீத்த முஸ்லிம் நண்பனின் கதையை அவ்வட்டாரத்தார் இன்றும் சொல்வர். நண்பனுக்காக உயிரையே ஈந்தவனின் கதை வழங்கும் நாட்டில், அண்டை வீட்டானுக்காக ஒரு கையெழுத்தைத் திரும்பப் பெறுவது அரிய செயலன்று.

பெரியவர் அன்றிரவு வேறெதுவும் சொல்லவில்லை. விடைபெறும்போது மருமகனின் கையைப் பற்றி, "ஊருக்குப் போனதும் அந்த மனிதரை ஒரு முறை பார்த்துப் பேசிவிடுங்கள்" என்று மட்டும் கூறினார். மருமகன் தலையசைத்தார். அடுத்த வாரம் நண்பர் எனக்குச் செய்தி அனுப்பினார்: மச்சான் தம் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், மற்றவர்கள் பெறவில்லை. மனு இன்னும் அதிகாரியின் மேசையில் இருக்கிறது.