துவக்கு வரியும் நாய் வரியும்

அரசு நடத்தப் பொருள் வேண்டும். அப்பொருள் குடிகளிடமிருந்தே வரவேண்டும். இவ்விரண்டையும் மறுப்பார் எவருமிலர். எந்தக் குடியிடமிருந்து, எவ்வளவு, எம்முறையால் என்ற வினா எழும்போதே வழக்குத் தோன்றுகிறது. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரை புறநானூற்றில் உண்டு. முறையறியாது இறை கொள்ளும் அரசனை, விளைவயலுட் புகுந்த யானைக்கு அப்புலவர் ஒப்பிட்டார். அந்த யானை நம் நாட்டு வயலுட் புகுந்த காலம் 1848ஆம் ஆண்டு. நம் மாணவர் பலர் அதனைக் கலகம் நடந்த ஆண்டென்று மனனஞ் செய்வதோடு அமைந்துவிடுகின்றனர். அக்கலகத்தின் அடியில் ஒரு வரவு செலவுக் கணக்கு இருந்ததென்பதை அவர்கள் ஊன்றி நோக்குவதில்லை.

கண்டி மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் 1830களின் பிற்பகுதி தொட்டு விரைந்து பெருகின. காடுகள் அழிந்து தோட்டங்களாயின, திறைசேரியும் செழித்தது. ஆயின் 1847இல் இங்கிலாந்திற் பெரும் பண நெருக்கடி உண்டாயிற்று. கோப்பியின் விலை வீழ்ந்தது. திறைசேரியிற் பற்றாக்குறை தோன்றிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் தேசாதிபதியாக வந்திறங்கியவர் டொறிங்டன் பிரபு.

வெறுங் கையுடன் அவர் ஆளத் தொடங்கவில்லை. இலங்கையின் குடியேற்றநாட்டுக் காரியதரிசியாகிய எமர்சன் தெனன்ற் என்பார், நாட்டின் நிதியையும் வணிகத்தையும் ஆராய்ந்து விரிவான அறிக்கையொன்றை ஆயத்தஞ் செய்திருந்தார். தீர்வையற்ற வணிகமே செல்வத்துக்கு வழி என்னுங் கொள்கை இங்கிலாந்தில் வெற்றி பெற்றிருந்த காலம் அது. ஏற்றுமதித் தீர்வைகள் வணிகத்தைத் தடுக்கின்றன, நெல் விளைவிற் பத்திலொன்றைக் கொள்ளும் தானியவரி உழவனை நலிவிக்கின்றது, ஆதலால் இவற்றை நீக்கி நிலத்தின் மீது பொதுவான வரியொன்றை விதித்தல் நன்று என்பது அவர் கருத்து. இதில் ஒரு நீதியும் இருந்தது. நெல் விளைத்தவன் தன் நிலத்தின் பொருட்டு வரி கொடுத்தான். கோப்பி விளைத்தவனின் நிலத்துக்கு அத்தகைய வரி இல்லை. நிலவரி வந்திருப்பின் இருவரும் ஒரே தட்டில் நின்றிருப்பர்.

ஏட்டிலே செம்மையாக இருந்த இத்திட்டம் நாட்டிலே துண்டு துண்டாக நிறைவேறிற்று. கோப்பியின் ஏற்றுமதித் தீர்வை முதலில் நீங்கிற்று. நிலவரியோ வரவேயில்லை, அதற்கு வேண்டிய நில அளவை அந்நாளில் நிறைவுறவில்லை. தானியவரி இருந்தபடியே இருந்தது. சலுகை தோட்டத்துரைமாரைச் சேர்ந்தது. திறைசேரியின் பள்ளம் பெரிதாயிற்று. அப்பள்ளத்தை நிரப்ப அரசாங்கம் சிறு சிறு நேர்வரிகளைத் தேடிற்று.

துவக்கு வைத்திருப்போர் ஆண்டுதோறும் 2 சிலிங் 6 பெனி செலுத்தி அனுமதி பெறல் வேண்டும். நாய் ஒன்றுக்கு ஒரு சிலிங் வரி. கடைகளுக்கும் அனுமதிப் பணம் விதிக்கப்பட்டது. இவற்றின் மேலாகத் தெருக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வோர் ஆண்மகனும் ஆண்டில் 6 நாட்கள் தெருவேலை செய்தல் வேண்டும். அன்றேல் 3 சிலிங் செலுத்துதல் வேண்டும்.

அரசாங்கத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. தெருக்கள் எல்லாருக்கும் பொதுவானவை. வரித் தொகைகளும் சிறியவை. சட்டமும் எல்லார்க்கும் ஒன்றே என்று அதிகாரிகள் கூறினர். ஆயின் கண்டிக் கிராமத்தவன் கண்ட காட்சி வேறு. சேனைப் பயிரையும் வயலையும் யானையும் பன்றியும் அழியாது காப்பது அவன் துவக்கு. இரவில் விலங்கு வருவதை அறிவிப்பது அவன் நாய். இவை அவனுக்கு ஆடம்பரப் பொருள்களல்ல. தெருவேலையோ அவனுக்குப் பழைய இராசகாரியத்தை நினைவூட்டிற்று. 1832இல் இராசகாரியத்தை ஒழித்த அதே அரசாங்கம், இப்பொழுது கோப்பி வண்டிகள் செல்லும் தெருக்களுக்காக அதனை மீட்டுங் கொணர்ந்ததென்று அவன் எண்ணினான். அன்றியும், துரைக்கு 3 சிலிங் ஒரு பொருட்டன்று. கையிற் காசு புழங்காத உழவனுக்கு அது பெருந்தொகை. எண்ணிக்கையிற் சமமாக இருப்பது சுமையிற் சமமாக இருப்பதில்லை. செலுத்துவோரின் ஆற்றலுக்கு ஏற்ப வரி அமைதல் வேண்டுமென்று அதாம் சிமித் 1776ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்திருந்தார்.

இக்குறையைக் கிராமத்தவன் எங்கே சென்று முறையிடுவான்? 1833இல் தோன்றிய சட்டநிரூபண சபை இருந்தது. ஆனால் அதன் உறுப்பினர் யாவரும் உத்தியோகத்தரும் தேசாதிபதியின் நியமனம் பெற்றோருமே. மக்கள் தெரிந்தெடுத்த ஒருவரேனும் அங்கில்லை. ஆகவே வழக்கு பத்திரிகைக்கும் தெருவுக்கும் வந்தது. 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகையின் ஆசிரியராகிய வைத்தியர் கிறிஸ்தோப்பர் எலியற் புதிய வரிகளைக் கடுமையாகக் கண்டித்தார். 1848 ஜூலை 3ஆந் தேதி 'ஓர் ஆங்கிலேயன்' என்ற பெயருடன் அப்பத்திரிகையில் வெளிவந்த கடிதம் சிங்களத்திலும் பெயர்க்கப்பட்டுப் பரவிற்று. மூன்று நாட்களின் பின் கண்டிக் கச்சேரியின் முன் பெருந்திரளான மக்கள் கூடித் தம் குறையைக் கூறினர். அதிகாரிகள் விளக்கங் கூறினார்களேயன்றி வரிகளைத் திருத்த முன்வரவில்லை.

ஜூலை 26ஆந் தேதி தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். மாத்தளையிலும் குருநாகலிலும் அரசாங்கக் கட்டடங்கள் தாக்குண்டன. இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. கிளர்ச்சி சில நாட்களில் ஒடுங்கிற்று; தண்டனையோ பல வாரங்கள் நீடித்தது. புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டான். பௌத்த பிக்கு ஒருவர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். கிளர்ச்சிக்கு வரிகள் மட்டுமே காரணமென்று கூறுதல் பொருந்தாது. இழந்த கண்டியரசின் நினைவும் நில உரிமை பற்றிய மனக்குறையும் அதனுட் கலந்திருந்தன. எனினும் அவை யாவற்றையும் ஒரே நாளில் ஒன்றுதிரட்டிய விசை வரியே.

செய்தி இலண்டனை எட்டியது. பாராளுமன்றக் குழுவொன்று விசாரணை நடத்திற்று. 1850இல் டொறிங்டன் பிரபு திருப்பியழைக்கப்பட்டார். துவக்கு வரி, நாய் வரி முதலியன கைவிடப்பட்டன. தெருச் சட்டம் மட்டும் நிலைத்தது. பின்னாளில் அது தலைவரி என்றே பெயர் பெற்று, 1920களின் தொடக்கத்தில் ஏ. ஈ. குணசிங்க, விக்டர் கொரெயா முதலியோர் நடத்திய எதிர்ப்பின் பின்னரே ஒழிந்தது. தானியவரி 1892இல் ஹவ்லொக் தேசாதிபதி காலத்தில் நீங்கிற்று. அதற்குமுன், 1880களில் வலப்பனைப் பகுதியில் அவ்வரி நிலுவைக்காக உழவரின் வயல்கள் ஏலத்திற் போயின. வருமானத்துக்கு ஏற்ப வரி என்னும் முறை நம் நாட்டில் 1932ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று. உழவனின் நாயிடம் வரி கேட்ட அரசாங்கம், செல்வரின் வருமானத்திடம் அதனைக் கேட்பதற்கு 84 ஆண்டுகள் சென்றன.

தெனன்றின் அறிக்கை மூடத்தனமான அறிக்கையன்று. சலுகை ஒருசாராரை முந்திச் சேர, சுமை மற்றொரு சாராரைத் தனியே சேர்ந்ததனால் அது கெட்டது. சுமப்போரை எவரும் கேளாததனால் அது கலகமாயிற்று. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனை இறுக்க இயலாது நின்றபின், வரிகளை உயர்த்தும் வழக்கு மீண்டும் நம் முற்றத்துக்கு வந்தது. 2024 சனவரியிற் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. திறைசேரியின் பற்றாக்குறை மெய்யானதே; அன்றும் அது மெய்யாகவே இருந்தது. எந்த வரவு செலவுத் திட்டம் நம் முன் வைக்கப்படினும் நாம் கேட்கவேண்டியவை மூன்று. சலுகை யாருக்கு முதலில் வந்தது? சுமை யாரிடம் எஞ்சிற்று? அவர்களை யாரேனும் கேட்டனரா? இம்மூன்றுக்கும் நேரிய விடை கூறவல்ல அரசாங்கத்துக்குக் குடிகள் மனமுவந்து இறை கொடுப்பர்.