வல்லாளன் வரலாறும் ஆய்வேட்டின் அமைப்பும்

எண்ணிக்கையால் அளந்து முடிவு காண இயலாத பொருள்களைச் சொல், சடங்கு, வழக்கம், நம்பிக்கை ஆகியவற்றின் வாயிலாக ஆராய்வது பண்புசார் ஆய்வு எனப்படும். இவ்வாய்வில் இறங்கும் மாணவர் சான்று திரட்டுவதில் தளர்வதில்லை. திரட்டியவற்றை இயல்களாக வகுக்கும் இடத்திலேயே இடர்ப்படுகின்றனர். ஆய்வேட்டின் அமைப்பு புறத்தோற்றம் மட்டும் அன்று. ஒவ்வொரு சான்றுக்கும் உரிய இடத்தையும் மதிப்பையும் வழங்குவது அதுவே. இவ்வுண்மையைத் திருவண்ணாமலை சார்ந்த ஒரு செய்தியைக் கொண்டு ஈண்டுக் காண்போம்.

ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் அருகிலுள்ள பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருள்கின்றார். அங்கே தீர்த்தவாரி நிகழ்கின்றது. வல்லாள மன்னனுக்கு இறைவனே மகனாக நின்று திதி கொடுக்கும் சடங்கும் நடைபெறுகின்றது. மன்னர் இறைவனுக்குத் தொண்டு செய்தமை பலவிடத்தும் உண்டு; இறைவன் ஒரு மன்னனுக்கு நீர்க்கடன் ஆற்றுதலோ அரிதினும் அரிது. இச்சடங்கினை ஆராயப் புகும் மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டை எவ்வாறு அமைத்தல் வேண்டும்?

அவர்முன் நிற்கும் சான்றுகள் பல திறத்தன. சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணம் ஒன்று. மகப்பேறில்லாத வல்லாளனிடம் இறைவன் அடியார் வேடத்தில் வந்து, குழந்தையாக மாறி, அவனுக்கு மகனான கதையை அந்நூல் கூறுகின்றது. கோயிலில் அம்மன்னன் பெயரால் வழங்கும் வல்லாள கோபுரம் மற்றொன்று. விழாவைக் கண்டும் நடத்தியும் வரும் மக்களின் கூற்று பிறிதொன்று.

இவற்றின் வேறாக வரலாற்றுச் சான்றுகள் உள்ளன. போசள வேந்தன் மூன்றாம் வல்லாளனின் தலைநகராகிய துவாரசமுத்திரம் 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்புக்கு உள்ளாயிற்று. பிற்காலத்தில் அவன் திருவண்ணாமலையைத் தன் இருக்கையாகக் கொண்டான். 1342ஆம் ஆண்டையொட்டி மதுரைச் சுல்தானுடன் நிகழ்த்திய போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவன் தோல் உரிக்கப்பெற்று, வைக்கோல் திணிக்கப்பெற்று, மதுரை மதிலில் தொங்கவிடப்பட்டிருந்ததைத் தாம் கண்டதாக மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா எழுதியுள்ளார். அவனுக்குப்பின் அவன் மகன் விரூபாட்ச வல்லாளன் 1343இல் முடிசூடினான் என்பர் வரலாற்றாசிரியர்.

இங்கே முரண் ஒன்று தோன்றுகின்றது. மகனில்லாதவன் எனப் புராணம் கூறும் மன்னனுக்கு மகன் இருந்தான் என்கின்றது வரலாறு. அமைப்பில் தெளிவில்லாத ஆய்வேடு இவ்விடத்தில் இரு வழிகளில் ஒன்றில் வழுவும். சான்றுகளையெல்லாம் ஒரே இயலில் கலந்து, புராணச் செய்தியையே வரலாறாக எழுதிச் செல்வது ஒரு வழு. வரலாற்றைக் கொண்டு புராணத்தைப் பொய்யென ஒதுக்கி, அத்துடன் சடங்கையும் மக்கள் கூற்றையும் தள்ளிவிடுவது மற்றொரு வழு. முன்னதில் வரலாறு கெடும். பின்னதில் ஆய்வுப்பொருளே கெடும்.

ஆதலின், சான்றின் வகையே இயற்பகுப்புக்கு அடிப்படையாதல் வேண்டும். கல்வெட்டும் பயணக் குறிப்பும் ஓர் இயல். புராணம் ஓர் இயல். கட்டடமும் சிற்பமும் ஓர் இயல். சடங்கை நேரிற்கண்ட குறிப்பும் மக்கள் கூற்றும் ஓர் இயல். ஒவ்வோர் இயலிலும் அச்சான்று யாருடையது, எக்காலத்தது, யாரை நோக்கியது என்பன முதலில் விளங்க வேண்டும். மக்கள் கூற்றை அவர்தம் சொல்லிலேயே தருதல் நன்று. ஆய்வாளரின் கருத்து அதனோடு கலவாது தனித்து நிற்றல் வேண்டும். இவ்வியல்கள் முடிந்த பின்னரே அவற்றை ஒப்புநோக்கும் இயல் வருதல் முறை.

அவ்வொப்பியலில் முதல் வினாவே மாறிவிடுகின்றது. ‘இது நிகழ்ந்ததா?’ என்று தொடங்கிய மாணவர், ‘மகனிருந்த மன்னனுக்கு இவ்வூர் ஏன் இறைவனையே மகனாக்கிற்று?’ என்று வினவுவார். பகைவர் மதிலில் தொங்கிய உடலுக்கு முறைப்படி ஈமக்கடன் நிகழ்ந்திருத்தல் அரிது. அக்குறையை ஊரின் நினைவு இவ்வாறு நிறைவு செய்தது போலும். இஃது எம் ஊகமேயன்றி முடிந்த முடிபு அன்று. ஊகம் ஊகமாகவே தோன்றுதற்குரிய இடமும் ஒப்பியலே. சான்றியல்களுக்குள் இது புகுந்திருப்பின், படிப்போர் இதனைச் சான்றெனவே மயங்குவர்.

இனி, முன்னுரை பற்றி ஒரு சொல். பவணந்தியார் நன்னூலில் சிறப்புப்பாயிரத்திற்கு உரைத்த பொருள்களுள் நூல் நுதலிய பொருள், அது வழங்கும் எல்லை, அது பின்பற்றிய வழி, கேட்போர், பயன் ஆகியன உள்ளன. இன்றைய ஆய்வேட்டின் முன்னுரையும் இவற்றையே வேண்டுகின்றது. வழி என்பதை முன்னாய்வுகளின் தொகுப்பாகவும், எல்லை என்பதை ஆய்வின் இடமும் காலமுமாகவும் கொண்டால் போதும். பாயிரம் நூலின் முன்னே நிற்பினும், நூல் முற்றிய பின்னரே செவ்வனே எழுதத்தகும். வினா மாறிய பின் பழைய முன்னுரை பொருந்தாதன்றோ?

இம்முறை வெறும் கற்பனை அன்று. திருவண்ணாமலையைப் பற்றிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் வெளியிட்ட ஐந்து தொகுதிகள் சான்றின் வகைப்படியே அமைந்தன. முதல் தொகுதி பி. ஆர். சீனிவாசன் பதிப்பித்த கல்வெட்டுகள், இரண்டாவது தொல்லியல், மூன்றாவது சடங்குகளும் விழாக்களும், நான்காவது கோயிலின் சமூக அமைப்பு, ஐந்தாவது நகரம். வெளிவந்த முறையோ வேறு. மாரி லூயிசு ரெய்னிசு எழுதிய நான்காம் தொகுதி 1989இல் வெளிவந்தது. அவரும் பிரான்சுவாசு லெர்னோவும் எழுதிய மூன்றாம் தொகுதி 1999இலேயே வெளிவந்தது. எழுதி முடிக்கும் வரிசை வேறு, படிப்போர்க்கு வைக்கும் வரிசை வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. முதல் இயலை முதலில் முடித்தே தீர வேண்டும் எனக் கலங்கும் மாணவர் இதனை உளங்கொள்வாராக.

கல்வெட்டுக்கும் புராணத்துக்கும் மாசி மகத்தன்று ஆற்றங்கரையில் நிற்கும் முதியோர் சொல்லுக்கும் தனித்தனி இடம் தந்து, அவற்றை ஓரிடத்தில் நேர்மையாக எதிர்நிறுத்துவதே ஆய்வேட்டின் அமைப்பு. அவ்வாறு அமையின், நம் முடிபை மறுக்க வருவோரும் நாம் தொகுத்த சான்றுகளைப் பயன்கொள்வர். ஆய்வுக்கு அதனினும் பெரும்பயன் இல்லை.